நாலாம் பட்டையும் ரோஸ் துணியும்

போன வாரம் காலையில் தோசைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவர் ஜெபராஜ். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கார் பாலிஷ் கடையில் இப்போது அவர்தான் ஃபோர்மேன். கறுப்பு பானெட் ஒன்றைச் சாய்த்து நிறுத்தி, டேப் ஒட்டிப் பட்டை பட்டையாகப் பிரித்திருந்தார்கள். பட்டைகளில் வெவ்வேறு வாக்ஸ், காருக்குப் பளபளப்புக் கொடுக்கும் மெழுகுப் பூச்சு. மேலிருந்து தண்ணீர் ஊற்றியதும் கடைசிப் பட்டையில் அது ஜவ்வரிசி மாதிரி உருண்டு உருண்டு ஓடியது. பின்னால் ஜெபராஜின் குரல்: "யக்கா, புதுசா வந்திருக்க ஸ்பிரே வாக்ஸ் இது. மூணு மாசம் வெயில்ல கெடந்தும் எப்படி நிக்கி பாத்தியளா? ஒங்க மூணாம் நம்பரத் தூக்கிச் சாப்பிட்டுட்டு!"

கிரைண்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் உருண்டைகளைப் பார்க்கவில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்தி, முதல் பட்டையில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று பார்த்தேன். பிறகு, துடைக்கிறவர் கையில் என்ன துணி இருக்கிறது என்று பார்த்தேன். உடனே ஜெபராஜைக் கூப்பிட்டேன். என்ன பேசினோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்த மூணாம் நம்பர் கதையைச் சொல்லியாக வேண்டும். கடையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதித் தரும்படி என்னைப் பல தடவை கேட்டிருக்கிறார்கள். சோம்பலில் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். அந்த வீடியோவைப் பார்த்த பிறகு கை சும்மா இருக்கவில்லை.

என் பெயர் முத்துலட்சுமி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து, கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்தவள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சொந்தமாகக் கார் இருந்ததும் இல்லை. ஆனால் ரோட்டோரம் ஒரு கறுப்புக் கார் நின்றால், குனிந்து, தலையைச் சாய்த்து, அதன் கதவில் வெயில் எப்படி விழுகிறது என்று பார்க்காமல் என்னால் தாண்டிப் போக முடியாது. இதனால் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன். ஒருமுறை கார்க்காரர் என்னைத் திருட வந்தவள் என்று நினைத்துச் சத்தம் போட்டார். "கதவுல வட்ட வட்டமா கோடு விழுந்திருக்குங்க, யாரோ மண்ணோட சேத்துத் தொடச்சிருக்காங்க" என்றேன். மனிதர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, தன் மச்சானைத் திட்டத் தொடங்கிவிட்டார்.

இந்தக் கண் எனக்குப் பனியன் கம்பெனியில் வந்தது. பதினான்கு வருடம் செக்கிங் டேபிளில் நின்றேன். டியூப் லைட்டுக்குக் கீழே துணியைச் சாய்த்துப் பிடித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக் கோடு எது இருந்தாலும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். காலை முதல் மாலை வரை அதுதான் வேலை. கம்பெனி வேறு ஊருக்குப் போனபோது, வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் வருகிற வேலை வேண்டும் என்று தாராபுரம் ரோட்டில் அவிநாசிபாளையத்தைத் தாண்டி இருந்த கார் பாலிஷ் கடையில் சேர்ந்தேன். வாளி தூக்கிக் கார் கழுவும் வேலை. கழுவும் இடம் கடைக்குப் பின்னால் இருந்தது. நாள் முழுக்கக் காலில் ஈரம். விரல் இடுக்கெல்லாம் வெந்துபோகும்.

சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜெபராஜ் பாலிஷ் போட்டு முடித்த கார் ஒன்று டெலிவரிக்கு நின்றது. நான் அதைத் தாண்டிப் போகும்போது கதவில் ஊசிக் கோடு மாதிரி ஏதோ கண்ணில் பட்டது. என் பையில் பழைய அம்பு ஸ்டிக்கர் அட்டை ஒன்று கிடந்தது. கை தானாக அதை எடுத்துவிட்டது. ஒன்று ஒட்டினேன். அடுத்த கோடு தெரிந்தது, அதற்கும் ஒட்டினேன். அட்டை காலியாகும்வரை ஒட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தேன். பின்னால் ஜெபராஜ் நின்றுகொண்டிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிடச் சின்னவர், மெஷினைப் பிடித்தால் நல்ல வேலைக்காரர். முகம் சிவந்துபோயிருந்தது.

"பனியனப் பாத்த கண்ணுக்குக் கார் தெரியுமாக்கும்?" என்றார்.

சத்தம் கேட்டு முதலாளி வேலுச்சாமி வந்தார். எங்கள் ஊர் வழக்கப்படி நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். இந்தப் பக்கத்தில் மளிகைக்கடைக்காரரைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள் என்பதால் கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். "அண்ணாச்சி, கால் கிலோ துவரம் பருப்பு" என்று கிண்டல் செய்வார்கள். அவர் மட்டும் அதை ஒருநாளும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

அவர் காரைச் சுற்றி வந்தார். "ஏனுங்க அம்மிணி, இத்தன அம்ப ஒட்டிப்போட்டீங்க, காரு முள்ளம்பன்றியாட்ட ஆயிப்போச்சுங்களே" என்றார். பிறகு நீள வயர் போட்ட டியூப் லைட் ஒன்றைக் கையில் பிடித்து ஒவ்வொரு அம்பின் முனையிலும் பார்த்தார். எல்லா அம்புக்கும் ஒரு கோடு இருந்தது. அன்று மாலை அந்தக் கார் டெலிவரி ஆகவில்லை. மறுநாளிலிருந்து நான் செக்கர். என் கையெழுத்து இல்லாமல் கார் வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். கடையில் எனக்கு 'அம்பு அக்கா' என்று பெயர் விழுந்தது.

வேலுச்சாமி அண்ணாச்சியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். கழுவிய காரை அவர் வெறுங்கையால் தொட மாட்டார். பனியன் பேக் செய்யும் மெல்லிய பாலிதீன் கவர் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு, விரல் நுனியால் பானெட்டின் மேல் மெதுவாக ஓட்டுவார். கவர் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத தூசிகூட மணல் மாதிரி நெறுநெறு என்று கையில் தட்டுப்படும். நெறுநெறுத்தால் கார் திரும்பவும் கழுவும் இடத்துக்குப் போக வேண்டியதுதான். கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டுவார். அந்த நேரத்தில் கடையில் யாரும் பேச மாட்டோம்.

இன்னொன்று, அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். சாதாரண நாளில் "ஜெபராஜு, இங்க வாப்பா" என்பார். ஒருநாள் ஜெபராஜ் தரையில் விழுந்த பாலிஷ் பேடை எடுத்துத் தட்டிவிட்டு அப்படியே காரில் வைத்துவிட்டார். "ஜெபராஜ் சாருக்கு மண்ணு பத்தலீங்களா? தாராபுரம் ரோட்டுல வேணுங்கற அளவு கெடக்குதுங்க சார், எடுத்துட்டு வரச் சொல்லட்டுங்களா?" என்றார். ஜெபராஜ் அன்று சாப்பிடவே இல்லை. ஒரு வாக்கியத்தில் எத்தனை 'ங்க' என்று எண்ணித் தப்பு எவ்வளவு பெரிது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்தில் இருந்த எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றுக்கு ஒன்பது கார்கள், அத்தனையும் கறுப்பு. வெளிநாட்டிலிருந்து துணி வாங்க வரும் பையர்களைக் கோவை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வருவதற்காக வைத்திருந்தார்கள். கார்கள் நிற்கும் இடம் சாயப்பட்டறை பாய்லருக்குப் பக்கம். விறகுச் சாம்பல் பறந்து வந்து மேலே படியும். கழுவுவது போர்வெல் தண்ணீரில். காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். இரண்டே வருடத்தில் கார்கள் சாம்பல் பூசின மாதிரி மங்கிப்போயிருந்தன. அங்கே டிரான்ஸ்போர்ட் பார்த்த கனகராஜ் கடைக்கு வந்தார்.

"ஏனுங்க, பையர் வந்தா மொதல்ல பாக்கறது காரத்தானுங்க. அதுவே சாம்பலாட்ட இருந்தா, துணியக் காட்டி என்ன பண்றது? சும்மா நாலு நாளைக்குப் பளபளன்னு இருந்தா பத்தாதுங்க. ரெண்டு மூணு மாசம் நிக்கோணும். எந்த வாக்ஸுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. ஒம்போது காரும் இனி உங்ககிட்டத்தான்" என்றார்.

அண்ணாச்சி என்னைக் காட்டி, "எங்க செக்கிங் அம்மிணி எதுக்குக் கையெழுத்துப் போடறாங்களோ, அதுதானுங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கனகராஜ் போனதும் ஜெபராஜ் கேட்டார்: "யக்கா, தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாப் போச்சுன்னா செக்கர் வேல வேண்டாம். மறுபடி வாளியத் தூக்குதேன்" என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். அந்த வயதில் எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

பழைய டாக்சி ஒன்றின் கறுப்பு பானெட்டைப் பழைய இரும்புக் கடையிலிருந்து கொண்டுவந்தோம். பாலிஷ் போட்டு, ஸ்பிரிட் கலந்த தண்ணீரால் துடைத்து, பழைய வாக்ஸ் ஒரு துளி இல்லாமல் எடுத்தோம். டேப் ஒட்டி ஐந்து பட்டையாகப் பிரித்தேன். முதல் பட்டையில் எதுவும் போடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் பட்டை ஒன்று வேண்டும். அதை 'வெறும்' என்றே எழுதினேன். மற்ற நான்கிலும் நான்கு வாக்ஸ். டப்பாக்களைக் காகிதத்தால் சுற்றி, வெறும் நம்பர் மட்டும் எழுதினேன். பெயரைப் பார்த்து யாரும் கட்சி கட்டக் கூடாது.

ஒன்றாம் நம்பர் தகர டப்பாவில் வரும் கெட்டி வாக்ஸ், பனை மாதிரி ஒரு மரத்தின் இலையிலிருந்து எடுப்பது என்றார்கள். இரண்டாம் நம்பர் பாட்டிலில் வரும் திரவம், ஆரஞ்சு மிட்டாய் வாசனை அடிக்கும். மூன்றாம் நம்பர் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் செயற்கை வாக்ஸ். அதைப் பூசிவிட்டு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். துடைக்கப் போனால் பிசின் மாதிரி இழுக்கும். நான்காம் நம்பர் ஸ்பிரே. அடித்தால் போதும், துடைத்தால் போதும். ஜெபராஜுக்கு அது போட்டவுடனே பிடித்துவிட்டது. "மூணாம் நம்பரத் தொடச்சு முடிக்கதுக்குள்ள தோளு கழண்டுரும் யக்கா" என்றார். எத்தனை தடவை துடைத்தால் பட்டை சுத்தமாகிறது என்று எண்ணி எழுதினேன். மூன்றாம் நம்பருக்கு எண்ணிக் கை ஓய்ந்துவிட்டது.

பளபளப்பை அளக்க எங்களிடம் கருவி கிடையாது. பனியன் கழுத்தில் தைக்கும் துவைப்பு லேபிளில் பொடி எழுத்து இருக்குமே, அதைப் பட்டைக்கு நேராகப் பிடிப்பேன். பெயிண்டில் தெரியும் பிம்பத்தில் அந்த எழுத்தை எவ்வளவு தூரம் தள்ளிப் படிக்க முடிகிறது என்று ஜாண் கணக்கில் எழுதுவேன். அண்ணாச்சிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. அவரும் ஒரு லேபிளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிற வருகிற கார்களில் எல்லாம் பிடித்துப் பார்த்தார்.

பானெட்டைப் பாய்லர் பக்கம் வெயிலில் வைத்தோம். திங்கட்கிழமைதோறும் போர்வெல் தண்ணீரும் ஒரே ஷாம்பும் போட்டுக் கழுவி, துடைத்து, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது. துடைக்க என்ன துணி? பனியன் ஊரில் இருந்துகொண்டு துடைக்கிற துணியை யாராவது விலைக்கு வாங்குவார்களா? என் பழைய செக்கிங் தோழிகள் வெட்டுத் துண்டை மூட்டை மூட்டையாகத் தருவார்கள். ஒரு பட்டையின் வாக்ஸ் இன்னொன்றில் ஒட்டக் கூடாது என்று நிறம் பிரித்தேன். வெறும் பட்டைக்கு வெள்ளை, ஒன்றுக்கு மஞ்சள், இரண்டுக்கு நீலம், மூன்றுக்குப் பச்சை, நான்குக்கு ரோஸ். வாராவாரம் மூட்டையிலிருந்து புதுத் துண்டு எடுப்பேன். ரோஸ் துணி வெண்ணெய் மாதிரி அவ்வளவு மெதுவாக இருக்கும். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

அந்த எட்டு வாரமும் எங்களுக்குத் தேர்தல் முடிவு பார்க்கிற மாதிரிதான் இருந்தது. திங்கட்கிழமை காலையில் டீக்கடைக்காரர்கூட அடுப்பை விட்டுவிட்டு வந்து நிற்பார். முதல் மூன்று வாரம் ஒன்றாம் நம்பர்தான் பளபளப்பில் ராஜா. இரண்டு ஜாண் தூரத்தில் லேபிளைப் படித்தேன். ஐந்தாவது வாரம் அது சப்பென்று விழுந்தது. இரண்டாம் நம்பர் பின்னாலேயே விழுந்தது. மூன்றாம் நம்பர் விழவும் இல்லை, ஆட்டம் போடவும் இல்லை. நான்காம் நம்பரில் மட்டும் எட்டாவது வாரத்திலும் தண்ணீர் முதல் நாள் மாதிரியே உருண்டு ஓடியது! வேலையும் சுலபம், காலமும் நீளம். இப்படி ஒரு வாக்ஸ் இருக்குமா என்று எல்லோரும் கை தட்டினோம். நோட்டில் 'நான்காம் நம்பர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணாச்சி அட்டைப்பெட்டி கணக்கில் அதை வரவழைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து முதல் மூன்று கார் வந்தது. கனகராஜும் கூடவே வந்தார். "அம்மிணி, சாருக்கு அந்த பானெட்ட ஒருக்காக் காட்டுங்க" என்றார் அண்ணாச்சி. நான் சொம்பை எடுத்து மேலே ஊற்றினேன். நான்காம் நம்பர் பட்டையில் உருண்டைகள் ஓடின. "அடேங்கப்பா!" என்றார் கனகராஜ். எல்லோர் கண்ணும் அங்கேதான். என் கண் மட்டும் வழக்கம்போல ஓரத்துக்குப் போனது.

வெறும் பட்டையிலும் தண்ணீர் உருண்டு நின்றது.

எந்த வாக்ஸும் போடாத பட்டை அது. எட்டு வாரமாகத் தண்ணீர் அதில் சப்பையாகப் பரவித்தான் கிடந்தது. இன்று எப்படி உருளும்? யாரோ தெரியாமல் ஸ்பிரே அடித்துவிட்டார்களா? அப்போதுதான் நினைவு வந்தது. போன வாரம் தண்ணீர் ஊற்றிப் பார்த்து முடித்தபின் ஈரத்தைத் துடைக்க வெள்ளைத் துணி உடனே கைக்கு அகப்படவில்லை. வெறும் பட்டைதானே என்று ரோஸ் துணியால் துடைத்திருந்தேன்.

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆசை, உடனே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை. கடைக்குப் பின்னால் ஓடினேன். மூட்டையைப் பிரித்து ஐந்து நிறத்திலும் ஒவ்வொரு துண்டு எடுத்து வாளி விளிம்பில் போட்டேன். ஒவ்வொன்றின் மேலும் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். வெள்ளை உடனே குடித்தது. மஞ்சள், நீலம், பச்சை எல்லாம் குடித்தன. ரோஸ் துணியின் மேல் சொட்டு அப்படியே குந்திக்கொண்டிருந்தது. துணியைச் சாய்த்தேன், உருண்டு கீழே விழுந்தது. பதினான்கு வருடம் பனியன் துணியில் கை வைத்தவளுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. மெதுமெதுப்பாக இருக்க வேண்டும் என்று துணிக்குப் போடுகிற சிலிக்கான் சாஃப்ட்னர் அது. வாராவாரம் புதுத் துண்டை எடுத்து நான்காம் நம்பர் பட்டையில் அந்தச் சிலிக்கானை நானே தேய்த்து வந்திருக்கிறேன். எட்டு வாரம் நின்று ஜெயித்தது வாக்ஸ் இல்லை, என் துணி. வெளியூர்க்காரர் யாராவது இந்தச் சோதனையைச் செய்திருந்தால் கடையில் போய் ஒரே மாதிரித் துணி வாங்கியிருப்பார். இந்தத் தப்பு திருப்பூர்க்காரிக்குத்தான் வரும்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். வெறும் பட்டையை வேறு யாரும் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கார் மங்கினால், போர்வெல் தண்ணீர் மேல் பழியைப் போட்டுவிடலாம். சொன்னால் செக்கர் வேலை போகும், வாளி வரும். நானே எல்லோர் முன்னாலும் சொன்ன வார்த்தை. உள்ளே ஜெபராஜ் முதல் காரின் ரப்பர் ஓரங்களுக்கு டேப் ஒட்டத் தொடங்கியிருந்தார். இன்னும் ஐந்து நிமிடத்தில் ஸ்பிரேயைக் கையில் எடுத்துவிடுவார்.

நோட்டை எடுத்தேன். 'நான்காம் நம்பர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்த இடத்தில், என் கையெழுத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பை ஒட்டினேன். அண்ணாச்சியும் கனகராஜும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நோட்டையும் ரோஸ் துணியையும் மேசை மேல் வைத்தேன். துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். ஜெபராஜும் வந்து வாசலில் நின்று கேட்டார்.

கனகராஜ் துணியை எடுத்து விரலிடுக்கில் கசக்கிப் பார்த்தார். டிரான்ஸ்போர்ட்டுக்கு வருமுன் அவர் சாயப்பட்டறையில் இருந்தவர். "ஏனுங்க, இது எங்க நைட்டி லாட்டுங்க! பையருக்கு மெதுமெதுன்னு வேணும்னு சாஃப்ட்னர ரெண்டு பங்கு ஊத்துனமுங்க. இது எப்படித் தண்ணி குடிக்கும்?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அண்ணாச்சியும் சிரிக்கவில்லை. அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை 'ங்க' வரப்போகிறதோ என்று நான் காத்திருந்தேன். 'அம்மிணிங்க மேடம்' என்பாரோ என்று பயந்தேன்.

"முத்துலட்சுமி" என்றார். அம்மிணி இல்லை, 'ங்க'வும் இல்லை. அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து என் பெயர் வெறும் பெயராக வந்தது அன்றுதான். "போயி வாளிய எடு."

ஜெபராஜ் தலையைக் குனிந்துகொண்டார். நான் பின்னால் போனேன். வாளியை எடுக்கும்போது கண் நிறைந்துவிட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கழுவும் இடத்தில் நின்ற கார்ப்பக்கம் நடந்தேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"அங்க எங்க போற? பானெட்டு இங்கல்ல இருக்குது! நல்லாக் கழுவு. மறுக்கா மொதல்ல இருந்து ஆரம்பிச்சுப் போடலாம். நோட்ட நீயே எழுது. ஜெபராஜு, அந்த ஸ்பிரேயக் கீழ வையப்பா."

அவருக்குக் கோபமே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாளியோடு நின்று அழுதேன், சிரிக்கவும் செய்தேன். ஜெபராஜ் வந்து வாளியை வாங்கிக்கொண்டு, "நீங்க எழுதுங்க யக்கா, நான் கழுவுதேன்" என்றார்.

வந்த மூன்று கார்களுக்கும் இப்போதைக்கு இது என்று சொல்லியே இரண்டாம் நம்பரைப் போட்டு அனுப்பினோம். எட்டு வாரம் பொறுத்துக்கொள்வதாகக் கனகராஜ் சொன்னார். அந்த இரண்டாவது எட்டு வாரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு பரபரக்கிறது. இந்த முறை எல்லாப் பட்டைக்கும் வெள்ளைத் துணிதான். மூன்று தடவை கொதிக்க வைத்து அலசி, ஒவ்வொரு துண்டிலும் சொட்டு விட்டுப் பார்த்து, குடித்தால்தான் உள்ளே. கழுவுவதும் துடைப்பதும் ஜெபராஜ், படிப்பதும் எழுதுவதும் நான். மூன்றாவது வாரமே நான்காம் நம்பர் மூக்கு உடைந்து விழுந்தது! ஐந்தில் ஒன்றாம் நம்பர், ஆறில் இரண்டாம் நம்பர். எட்டாவது திங்கட்கிழமை மூன்றாம் நம்பர் மட்டும் தனியாக நின்றது. ஈரச் சாம்பலை ஒருநாள் முழுக்க அப்பி வைத்தோம், கறை பிடிக்கவில்லை. தண்ணீர் காய்ந்த வெள்ளைப் புள்ளிகூட ஒரு துடைப்பில் போய்விட்டது. கை தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்துவிட்டது.

துடைக்கப் பிசின் மாதிரி இழுக்கிறதே என்ற குறை மட்டும் இருந்தது. அதற்கும் வழி கண்டுபிடித்தது ஜெபராஜ்தான். "நாம தோசைக்கு எண்ண ஊத்துத மாதிரி ஊத்திட்டோம் யக்கா" என்று, ஒரு கதவுக்கு மொச்சைக் கொட்டை அளவு மட்டும் எடுத்து, பூசியதே தெரியாத அளவு மெலிதாக இழுத்தார். டீ குடித்துவிட்டு வந்து துடைத்தால் தூள் மாதிரி உதிர்ந்தது. அதிகம் போட்டால் அதிகம் நிற்கும் என்பது எங்கள் நினைப்புத்தான், வாக்ஸுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. நோட்டில் எழுதினேன்: கல்யாணக் காருக்கு ஒன்று, அவசரக்காரருக்கு நான்கு, வெயிலிலும் சாம்பலிலும் நிற்கிற காருக்கு மூன்று. ஒன்பது காரும் மூன்றாம் நம்பரில் மினுங்கின. நான் ஓய்வு பெறும்வரை அந்தக் கடையில் மூன்றாம் நம்பருக்குப் போட்டியே இல்லை.

இனி அந்த ஃபோன். ஜெபராஜ் எடுத்ததும் கேட்டேன்: "மொதப் பட்டதான வெறும் பட்ட? தொடச்சது என்ன துணி?"

அவர் கடகடவென்று சிரித்தார். "யக்கா, என்கிட்டயா கேக்கீய? மூணு தடவ கொதிக்க வச்சு, சொட்டு விட்டுப் பாத்துதான் எடுத்தேன். எல்லாப் பட்டைக்கும் ஒரே வெள்ளத் துணி. வெறும் பட்டையில தண்ணி சப்பையாத்தான் கெடக்கு, நல்லாப் பாருங்க. நோட்டு எல்லாம் எழுதியாச்சு. கையெழுத்துப் போடுத எடத்த மட்டும் மொதலாளி யாரையும் தொட விட மாட்டேங்காரு. நீங்க வந்து பாத்தாத்தானாம்."

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் அவிநாசிபாளையத்தில் இறங்கினேன். ஓய்வு பெற்றவள் என்று யாருக்கும் என் நடையைப் பார்த்தால் தெரிந்திருக்காது. முதலில் துணியில் ஒரு சொட்டு விட்டேன், குடித்தது. வெறும் பட்டையில் ஊற்றினேன், பரவியது. மூன்றாம் நம்பரில் ஊற்றினேன், தண்ணீர் சோம்பலாக நகர்ந்தது. பிறகு புது ஸ்பிரேயில் ஊற்றினேன். அம்மாடி! சொம்பிலிருந்து விழுந்தது விழுந்தபடியே ஓடிவிட்டது. பையிலிருந்த துவைப்பு லேபிளை எடுத்துப் பிடித்தேன். மூன்று ஜாண். சுற்றி நின்றவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள். நோட்டை வாங்கி, புது வாக்ஸின் நம்பருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன். அம்பு ஒட்ட எதுவும் இல்லை.

வேலுச்சாமி அண்ணாச்சிக்கு இப்போது முடி முழுக்க வெள்ளை. பாலிதீன் கவர் மட்டும் இன்னும் சட்டைப்பையில் இருந்தது. "ஏனுங்க அம்மிணி, உங்க மூணாம் நம்பரு தோத்துப்போச்சுங்களே?" என்றார்.

"தோக்கட்டும் அண்ணாச்சி. நீங்க அந்தச் சொம்ப இங்க கொடுங்க, இன்னொரு தடவ ஊத்திப் பாக்கணும்" என்றேன்.